இருபத்தோராம் வருசத்து விரதம்

கண்ணகை ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். மட்டக்களப்புக் கல்லடியில் அவளுடைய ஒழுங்கை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சிலர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஞாபகத்தில் சொல்வார்கள். கேதார கௌரி விரதத்தை அவள் பிடித்தது எண்பத்தொன்பதாம் ஆண்டு. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது, மகள் கலாஜினி கைக்குழந்தை. அடுத்த வருசம் ஆவணியில் புருசன் கோணாமலை பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போனான். வீட்டுக்குச் சீமெந்து வாங்கப் போனவன். சீமெந்தும் வரவில்லை, அவனும் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த விரதம் முழுக்க முழுக்க அவனுக்காகத்தான். வருசத்தில் இருபத்தொரு நாள், பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபட்ட பிறகு ஒரு நேரச் சாப்பாடு, கடைசி நாள் கோயிலில் ஐயர் கையால் காப்பு நூல். இதை இருபத்தொரு வருசம் இடையில் அறாமல் பிடித்து முடித்தால் கேட்டது கிடைக்கும் என்று கண்ணகை நம்பினாள். அகதி முகாமில் இருந்து பிடித்தாள். சுனாமி வீட்டை அடித்துக்கொண்டு போன அடுத்த வருசம் கூடாரத்துக்குள் இருந்து பிடித்தாள். பொட்டையும் தாலியையும் கழற்றவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு வரும் என்று சொல்ல வந்த உத்தியோகத்தரை, "உங்கட மனிசிக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

விரதத்துக்கு ஒரே ஒரு பகைதான்: துடக்கு. தாய்வழியில் நெருங்கிய ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பிடித்த விரதம் அத்தோடு அறும். கண்ணகையின் குடும்பத்தில் அந்த இருபது வருசத்தில் சாவுக்குக் குறைவில்லை. கூடப்பிறந்த ஒரே அக்காவையும் சுனாமி கொண்டுபோனது. ஆனால் ஒன்றுகூட அந்த இருபத்தொரு நாளுக்குள் விழவில்லை. அவளுடைய தாய், காப்புக் கட்டி நான்காம் நாள்தான் கண்ணை மூடினாள். மகளுக்குப் பயந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று ஒழுங்கையில் பகிடி சொல்வார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு இருபத்தோராவது வருசம். வைகாசியில் சண்டை முடிந்திருந்தது. மாங்கேணிப் பக்கம் யாரோ ஒருவன் பதினெட்டு வருசம் கழித்து எங்கோ ஒரு சிறையிலிருந்து வந்து தாயின் கதவைத் தட்டினானாம் என்று ஒரு கதை வந்தது. மெய்யோ பொய்யோ, கண்ணகை அதைக் கேட்டுவிட்டு வாசல் கேற்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்தாள்.

அந்த வருசம் ஆனி மாதத்தில்தான் கலாஜினி தான் படிக்கிற கம்பஸிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் ரஹ்மி. ஊர் சுமாத்திராவில் பாடாங் நகரத்துக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். சுனாமி அழித்த கரைகளில் சேற்றுக்குள் வேரூன்றும் கண்ணா மரங்கள் எப்படித் திரும்ப முளைக்கின்றன என்று படிக்க ஒரு வருசத்துக்கு வந்தவள். காலையில் வாவிச் சேற்றில் முழங்கால் அளவு நின்று கன்று எண்ணுவாள். பின்னேரம் விடுதி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்து பதினைந்து நாளில் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டாள்.

"ஒரு கிழமைக்கு வெச்சிருப்பம் அம்மா. தனிய இரிந்து அழுகுது" என்றாள் கலாஜினி.

"என்ன தின்னுமாம்?"

"தெரியாம்மா. எதை வெச்சாலும் கொஞ்சம் தின்னுட்டு நன்றி சொல்லுது."

கண்ணகைக்கு விசயம் உடனே பிடிபட்டுவிட்டது. உறைப்பு! வெளிநாட்டு ஆளுக்கு மிளகாய் ஆகாது என்பது, சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவன வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கல்லடி முழுவதும் பாடமாக்கி வைத்திருந்த சங்கதி. மிளகாய் போடாத பாற்சொதி வைத்தாள். பருப்பு, அவித்த உருளைக்கிழங்கு. காத்தான்குடிக் கடையில் ஹலால் கோழி வாங்கி, அதற்கென்று புதுச் சட்டியும் வாங்கி, அதையும் வெள்ளையாகவே ஆக்கினாள். பிள்ளை அதைத் தின்றுவிட்டுக் கண் கலங்க நன்றி சொன்னது. கண் கலங்கியது அன்பினால் என்று கண்ணகை நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் கிணற்றடியிலிருந்து வந்தவள் குசினிக்குள் எட்டிப் பார்த்தால், ரஹ்மி செத்தல் மிளகாய் நாலைந்தைத் தணலில் சுட்டு, உப்போடு நொறுக்கி, வெறும் சோற்றில் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கண்ணகையைக் கண்டதும் பிடிபட்ட கள்ளியைப் போல எழுந்து நின்றாள்.

கலாஜினி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்ததில் உண்மை வெளியே வந்தது. பாடாங் ஆட்கள் தேங்காய்ப் பாலில் இறைச்சியையும் மிளகாயையும் போட்டு அரை நாள் வற்றக் காய்ச்சுகிற ஆட்கள். உறைப்பில்லாத சோறு அவர்களுக்கு நோயாளிச் சோறு. இந்த வீட்டில் உறைப்புத் தின்பதில்லை என்று ஏதோ நேர்த்திக்கடன் இருக்கிறதாக்கும் என்று நினைத்து, மரியாதைக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"அட என்ர கடவுளே! ஒரு மாசமாப் புள்ளையப் பட்டினி போட்டிரிக்கம்!" என்று கண்ணகை தலையில் கை வைத்தாள். எட்டு நாளை ஒரு மாசமாக்குவது அவள் வழக்கம். அன்று பகல் வைத்த மீன் குழம்பில் கலாஜினிக்கே மூக்கு ஓடியது. ரஹ்மி மூன்று தரம் சோறு போட்டுத் தின்றாள். ஒரு கிழமை என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் ஒழுங்கைக்கு ஒரு ஆளை இருத்தி வைக்க ஒரு உறவுமுறை வேண்டும். மட்டக்களப்பில் அந்த முறை குடியிலிருந்து, தாய்வழிக் குலத்திலிருந்து, வருகிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடியென்றால் உடன்பிறப்பு. வேறு குடியென்றால் மச்சான், மச்சாள். இரண்டுமில்லாத ஆளை என்னவென்று கூப்பிடுவது? முன்வீட்டுச் சீதேவிப்பிள்ளை, கண்ணகையோடு கூடவே விரதம் பிடிக்கிற சிநேகிதி, கேற்றடியில் நின்று கேட்டே விட்டாள்.

"அந்தப் புள்ள உனக்கு என்ன முறை கா?"

கண்ணகை கேள்வியை விளையாட்டாக ரஹ்மியிடம் கொண்டுபோனாள்; உன் குடி என்ன என்று கலாஜினி மொழிபெயர்த்தாள். பிள்ளை முழிக்கும், சிரிக்கலாம் என்று நினைத்தாள். ரஹ்மியோ நிமிர்ந்து உட்கார்ந்து, "தஞ்சுங்" என்றாள். அம்மாவின் குடி தஞ்சுங். அம்மாவைப் பெற்றவளும் தஞ்சுங். ஒரே குடிக்குள் கல்யாணம் கட்டக் கூடாது. வீடு பெண்பிள்ளைக்கு, கட்டுகிற ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

கண்ணகை கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"இது எங்கட ஆக்கள்தானே கலா!"

"அம்மா, அவங்க முஸ்லிம் ஆக்கள். சுமாத்திரா எங்க, கல்லடி எங்க?"

"காத்தான்குடி முஸ்லிம் ஆக்களுக்குக் குடி இல்லையா? மறுகா என்ன? எங்கட காலிங்கா குடியும் கடல் கடந்து வந்ததெண்டுதானே சொல்லுறாங்க. நாங்க இஞ்ச இறங்கினம், இவங்க அங்க இறங்கியிரிக்காங்க."

கலாஜினி சரித்திரம் விளக்கப் பார்த்தாள். தாய்க்குச் சரித்திரம் விளக்கி வென்ற மகள் கல்லடியில் இன்னும் பிறக்கவில்லை. ரஹ்மி காலிங்கா குடிப் பிள்ளையாகிவிட்டாள். அவளுடைய தாய் நூர்பைத்தி கண்ணகையைவிட ஆறு வயது மூத்தவள் என்று தெரிந்ததும் முறையும் தீர்ந்தது. நூர்பைத்தி அக்கா, கண்ணகை சின்னம்மா. ரஹ்மி அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் முதன்முதலில் சரியாகச் சொன்ன தமிழ்ச் சொல்லும் அதுதான்.

ஆவணியில் நோன்பு வந்தது. முப்பது நாளும் கண்ணகை விடியப்புறம் எழும்பிச் சோறு சூடாக்கிக் கொடுத்தாள். பெருநாளன்று கலாஜினியின் போனில் நூர்பைத்தி பேசினாள். கண்ணகை தமிழில் பேசினாள், அவள் தன் மொழியில் பேசினாள், இருவரும் ஒரே நேரத்தில் பத்து நிமிசம் பேசினார்கள். ரஹ்மி ஒன்றையும் மொழிபெயர்க்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு வசனத்தை மட்டும் சொன்னாள்.

"அம்மா சொல்றா, 'அங்க என்ர தங்கச்சி இரிக்கா. எனக்குப் பயமில்ல' எண்டு."

கண்ணகை போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். சுனாமிக்குப் பிறகு அவளை யாரும் தங்கச்சி என்று சொன்னதில்லை.

எட்டு நாள் கழித்துக் கண்ணகையின் விரதம் தொடங்கியது. "நீ முப்பது பிடிச்சாய், நான் இருபத்தொண்டு" என்றாள். ரஹ்மி காலையில் பூப் பறித்து வந்து கொடுத்தாள்; பின்னேரம் தேங்காய் துருவிக் கொடுத்தாள். விரதம் எதற்கு, எப்படி, எதனால் அறும் என்றெல்லாம் கலாஜினியைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாள். துடக்கு என்றால் என்னவென்று கலாஜினி அரை மணி நேரம் விளக்கியதைக் கண்ணகை பூக்கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒழுங்கையில் கூக்குரல் கேட்டது. "கடல் வருதாம்!"

சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குக் கல்லடியில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மூவரும் செருப்புக்கூடப் போடாமல் பாலத்தைக் கடந்து ஓடினார்கள். டவுன்பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவு சனத்தால் நிறைந்திருந்தது. ஒருவருடைய ரேடியோ செய்தி சொன்னது: இந்தோனேசியாவில் பெரிய பூமி நடுக்கம், இலங்கைக்கு ஆபத்தில்லை. சனம் மொத்தமாகக் கைகூப்பியது. சீதேவிப்பிள்ளை கண்ணகையைக் கட்டிப்பிடித்தாள்.

"எங்களுக்கில்ல கா! அங்கதானாம், அங்கதானாம்! அம்மாள் காப்பாத்திட்டா!"

கண்ணகையும் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைக் கண்டாள். ரேடியோ ஊரின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தது. பாடாங். அந்தக் கும்பிடுக்காகக் கண்ணகை பிறகு பல நாள் வெட்கப்பட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ரஹ்மி ஒவ்வொரு பின்னேரமும் பாலத்தடியில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற கடைக்குப் போனாள். ஆறு நாள் லைன் கிடைக்கவில்லை. பிறகு நகரத்தில் வேலை செய்கிற அண்ணன் பேசினான். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மலை சரிந்து கிராமத்துக்குப் பாதை மூடிவிட்டது. அம்மாவைப் பற்றித் தெரியவில்லை. தேடுகிறார்கள்.

"என்னவாம்?" என்று கண்ணகை ஒவ்வொரு நாளும் கேற்றடியில் நின்று கேட்பாள்.

"இன்னும் தெரியாதாம், சின்னம்மா."

"தெரியாதெண்டா இரிக்கா எண்டுதான் அர்த்தம். நான் சொல்லுறன் கேள். தெரியாதெண்டு சொல்லுற வரைக்கும் ஆள் இரிக்கி."

பத்தொன்பது வருசமாகத் தனக்குத்தானே சொல்லி வந்ததை முதல்முறையாக இன்னொருவருக்குச் சொன்னாள். சாமிப் படத்துக்கு முன்னால் கோணாமலைக்கு ஒரு பூவும் நூர்பைத்திக்கு ஒரு பூவும் வைத்தாள். நடுவில் ரஹ்மி கொஞ்சம் தெளிந்தது போலவும் இருந்தது. பின்னேரங்களில் வீட்டில் நின்றாள். முற்றம் கூட்டினாள். தொழுகை மட்டும் நீண்டுகொண்டு போனது. பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டது என்று கண்ணகை சந்தோசப்பட்டாள்.

விரதத்தின் பத்தொன்பதாம் நாள் பின்னேரம் மழை தூறியது. "இண்டைக்குக் கடைக்குப் போகல்லையா மகள்?" என்று கண்ணகை யோசிக்காமல் கேட்டாள்.

"மழை, சின்னம்மா."

கண்ணகை சரியென்று தலையாட்டிவிட்டு விளக்கைத் துடைத்தாள்.  நேற்று மழை இல்லை. நேற்றும் போகவில்லை. முந்தாநாளும் போகவில்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து நாள். ஐந்து நாளாக "இன்னும் தெரியாதாம்" என்ற சொல்லையும் அவள் கேட்கவில்லை.

காத்திருப்பதைப் பற்றிக் கண்ணகைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முகாம், செஞ்சிலுவை, ஆணைக்குழு, சாத்திரி என்று பத்தொன்பது வருசம் படியேறியவள். செருப்புத் தேய்ந்தது, கேள்வி தேயவில்லை. தெரியாதவள் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். மழை என்ன, இடி விழுந்தாலும் போவாள். கேட்பதை விட்டுவிட்டாள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்பதும் அந்த நிமிசமே விளங்கியது. கலாஜினி அரை மணி நேரம் விளக்கியதெல்லாம் பிள்ளையின் தலையில் இருக்கிறது. நூர்பைத்தி அக்கா என்றால், அக்காவின் சாவு கண்ணகைக்குத் துடக்கு. இருபத்தோராம் வருசம், இரண்டே நாள் மிச்சமிருக்கும்போது அறும். அதனால் பிள்ளை தாயின் சாவை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஐந்து நாளாகத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் காலை, இருபதாம் நாள், கோயிலடியில் பூப் பறிக்கும்போது கண்ணகை சீதேவிப்பிள்ளையிடம் மட்டும் சொன்னாள். சீதேவிப்பிள்ளை பூக்கூடையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஆராவது வந்து சொன்னாங்களா?"

"இல்ல."

"காதுல விழாத சாவுக்குத் துடக்கு ஏது கா? சவூதியில செத்தவன்ட செய்தி மூணு மாசம் கழிச்சு வந்தா, வந்த நாளிலயிரிந்துதானே எண்ணுறம். நாளைக்குக் காப்பு. ஒரே ஒரு நாள். வாய மூடிட்டு இரு."

"தெரிஞ்சிட்டே சீதேவி."

"தெரியல்ல. நீயா நினைக்காய். அதோட குடியும் முறையும் விளையாட்டுக்குச் சொன்னது. அந்தப் புள்ள எங்கயோ பிறந்தது. கோணாமலை அண்ணன நினைச்சுப் பாரு. இருபது வருசம் இதுக்காகவா பட்டினி கிடந்தாய்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. பிள்ளையே அதைத்தான் விரும்புகிறது. நாளை மத்தியானம் வரை கண்ணகை ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது பாவம் என்று எந்த ஐயரும் சொல்லமாட்டார். வழி முழுக்க இதையே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் வந்தபோது ரஹ்மி தேங்காய் துருவத் திருவலகையில் குந்தியிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்து நிறுத்த அவள் கன்னம் படுகிற பாட்டைக் கண்ணகை பார்த்தாள்.  கோணாமலைக்காகத் தான் அழாமல் இருந்தது தானாக எடுத்த முடிவு. யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. இந்தப் பிள்ளை அழாமல் இருப்பது தன்னால். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அழ இடமில்லாத வீட்டில் எந்தச் சாமி வந்து என்ன வரம் கொடுக்கப் போகிறது?

பூக்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மகள், அம்மாவ எப்ப எடுத்தாங்க?"

 "கேக்காதீங்க, சின்னம்மா. நாளைக்குக் காப்புக் கட்டிட்டு வாங்க. மறுகா சொல்லுறன்."

"நான் கேட்டிட்டன். இனிச் சொல்லு."

ரஹ்மி சொன்னாள். தமிழில் தொடங்கி, முடியாமல், தன் மொழிக்குப் போய்விட்டாள். வீட்டோடு புதைந்திருந்ததாம். அண்ணன் கையால் தோண்டினானாம். அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்களாம். மிச்சத்துக்குச் சொல் தேவைப்படவில்லை. கண்ணகை கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பிள்ளையின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "என்ர அக்கா... என்னட்டப் புள்ளையத் தந்திட்டுப் போயிட்டியே என்ர அக்கா" என்று குரலெடுத்து அழுதாள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய அந்த வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்பது இதுதான் முதல் தடவை. கோணாமலையின் செய்திதான் வந்துவிட்டதாக்கும் என்று ஒழுங்கை முழுவதும் ஓடி வந்தது. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். கலாஜினி இருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆரு கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ர அக்கா மோசம் போயிட்டா" என்றாள் கண்ணகை.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற சீதேவிப்பிள்ளை திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று கண்ணகை நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள்.

மத்தியானம் கேற்றுத் திறந்தது. சீதேவிப்பிள்ளை இரண்டு கையிலும் பானையும் சட்டியுமாக வந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சொந்தக்காரரும் அயலவரும்தான் சோறு கொண்டுவர வேண்டும். விரதக்காரி, நாளைக்குக் காப்புக் கட்டவேண்டியவள், செத்த வீட்டுக்குள் காலை வைத்தாள். தலைமுழுக்கு எத்தனை தரம் என்பதை அவள் பிறகு ஐயரோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நேரே ரஹ்மியிடம் போய் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாக்கு எத்தினை வயசு மகள்?"

"அம்பது."

"சாகிற வயசா அது" என்று சீதேவிப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டாள்; பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினாள். கண்ணகை கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"தின்னு. துடக்குக்காரி பட்டினி கிடந்து ஆருக்கு?"

கண்ணகை சோற்றைப் பிசைந்தாள். முதல் பிடியை ரஹ்மிக்கு ஊட்டினாள். அடுத்ததைக் கலாஜினிக்குக் கொடுத்தாள். மூன்றாவதைத் தன் வாயில் வைத்தாள். விரத நாட்களில் பகற்சோறு அவள் தொண்டையில் இறங்கி இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. வயிறு அதைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டது. அதற்கும் அவளுக்கு அழுகை வந்தது.

சீதேவிப்பிள்ளை மெல்லக் கேட்டாள். "கோணாமலை அண்ணனுக்கு என்ன பதில் சொல்லப்போறாய்?"

கண்ணகை வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"அவர் உசிரோட இரிந்திருந்தா, இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்."

பத்தொன்பது வருசத்தில் அவள் வாயிலிருந்து 'இரிந்திருந்தா' என்றொரு சொல் வந்து சீதேவிப்பிள்ளை கேட்டதில்லை. அவள் கண்ணகையின் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.